ஸ்டோக்கர் 2: இத்தனை வருஷக் காத்திருப்புக்கு ஈடு கொடுத்ததா? (முடிவைச் சொல்லாமல் கதைப்போம்)

உவர்மலை87

ஸ்டோக்கர் 2ஐ ஆறுதலாக விளையாடி முடித்துவிட்டேன், அதுதான் இந்த இழையைத் திறக்கிறேன். 2007இல் முதல் கேம் வந்தபோது திருகோணமலையில் யார் யார் விளையாடினீர்களோ தெரியாது, எங்கள் செட்டில் ஒரே ஒரு டிவிடி உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும் வீடு வீடாகப் போய் வந்தது. இருட்டினால் ரோட்டில் சனம் இல்லாத காலம். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பெடியள் செர்னோபில் காட்டுக்குள்தான் நடந்து திரிந்தோம்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. முதல் கேமே லேசில் வரவில்லை, 2001இல் அறிவித்து ஆறு வருஷம் இழுபட்டுத்தான் வந்தது. அப்புறம் 2008இல் கிளியர் ஸ்கை, 2009இல் கோல் ஒஃப் பிரிப்யாட். 2010இல் இரண்டாம் பாகம் வருகிறது என்று சொன்னார்கள், 2011 டிசம்பரில் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். 2014இல் அந்த ஸ்டூடியோ, ஜிஎஸ்சி, திரும்ப எழும்பியது, 2016இல் கொசாக்ஸ் 3 என்று வேறொரு கேம் செய்தார்கள், 2018இல் ஸ்டோக்கர் 2ஐ மறுபடி அறிவித்தார்கள். 2021 என்றார்கள், பிறகு 2022 ஏப்ரல், பிறகு 2022 டிசம்பர். அதற்குள் பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்துவிட்டது. கடைசியில் 2024 நவம்பர் 20. முந்தின பாகத்துக்கும் இதற்கும் இடையில் பதினைந்து வருஷம், அந்த டிவிடியைக் கை மாற்றிய பெடியளில் பாதிப் பேர் இப்போது கனடாவிலும் லண்டனிலும் பிள்ளை குட்டிக்காரர்கள்.

என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கதை நடக்கிற அந்தச் செர்னோபில் நிலத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நிலத்தில் நடமாடும் உயிர்களைத்தான் பாதியில் விட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், காத்திருந்ததற்கு எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

கிண்ணியா_நானா

தம்பி, நானும் அந்த டிவிடி கூட்டம்தான், அதனால் உரிமையோடு மறுக்கிறேன். நிலம் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியான நாளில் அது முடிந்த கேம் இல்லை. நவம்பர் முடியுமுன் 650க்கு மேற்பட்ட திருத்தங்களோடு முதல் பட்ச் (பிழை திருத்தும் கோப்பு), டிசம்பரில் 1.1 என்று 1,800க்கு மேல், பெப்ரவரியில் 1.2 என்று இன்னொரு 1,700க்கு மேல். கணக்கை அவர்களே வெளியிட்டார்கள். அத்தனை பிழை உள்ளே இருக்கும்போதே காசு வாங்கியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எங்கள் ஊரில் டொலரில் விலை கொடுத்து வாங்குகிறவன் மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டை வெட்டித்தான் கொடுக்கிறான், அவனுக்குக் கிடைக்க வேண்டியது முழுச் சாமான்.

பிந்துகிறது வேறு, முடியாமல் வருகிறது வேறு. ஹாஃப்-லைஃப் 2ஐ எடுங்கள். 2003 செப்டம்பர் 30 என்று திகதி சொன்னார்கள், கேமின் மூல நிரல் (கோட்) களவு போனது, ஒரு வருஷத்துக்கு மேல் பிந்தி 2004 நவம்பர் 16இல் வந்தது. வந்தபோது குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தாமதம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நிலாவெளி_நெட்

அண்ணாமாரே, சண்டைக்கு நடுவில் ஒரு சின்னக் கேள்வி. என்னிடம் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்ட், 16 ஜிபி ராம். ஓடுமா? பழைய பாகம் ஒன்றும் விளையாடினதில்லை.

கடற்கரைவீதி

ஓடும் தம்பி. அவர்கள் சொன்ன ஆகக் குறைந்த தேவையே நீர் சொன்ன அந்தக் கார்டும் அந்த ராமும்தான். ஆனால் எல்லாவற்றையும் லோவில் போட்டு, ரெசொலூஷனையும் இறக்கினால்தான் மூச்சு விடும். ஹார்ட் டிஸ்க்கில் போடக் கூடாது, எஸ்எஸ்டி கட்டாயம், 150 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். இரவு நேர டேட்டாவில் இறக்குவதாக இருந்தால் ஒரே இரவில் முடியும் என்று நினைக்காதேயும். திறக்கும்போது ஷேடர் தயாராகிறது என்று ஒரு கோடு மெல்ல மெல்ல ஓடும், அதைப் பார்த்துவிட்டுத் தொங்கிவிட்டது என்று மூடிவிட வேண்டாம்.

உவர்மலை சொன்ன "உயிர்களைப் பாதியில் விட்டார்கள்" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வந்தேன். நான் சொஃப்ட்வெயர் வேலை பார்க்கிறவள், அதனால் அந்தப் பக்கம்தான் எனக்குக் கவலை. பழைய கேமில் ஏ-லைஃப் என்று ஒன்று இருந்தது. நீங்கள் இல்லாத இடத்திலும் ஆட்களும் மிருகங்களும் தங்கள் பாட்டில் வாழ்வார்கள். தூரத்தில் இருப்பவர்களைக் கேம் வெறும் கணக்காக வைத்திருக்கும். இன்ன கூட்டம் இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்குப் போகிறது, வழியில் நாய்க்கூட்டம் ஒன்றைச் சந்தித்தது, இரண்டு பேர் செத்தார்கள், இவ்வளவுதான். நீங்கள் கிட்டப் போகும்போதுதான் அந்தக் கணக்கு உருவம் எடுத்து நடக்கும், சுடும், நெருப்பு மூட்டிக் கிட்டார் வாசிக்கும். அதனால்தான் ஒரு வளைவில் திரும்பும்போது யாரோ யாரையோ சுட்டு முடித்த இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள், அதை யாரும் உங்களுக்காக எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்டோக்கர் 2 வந்தபோது அது அப்படி வேலை செய்யவில்லை. உங்களைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்துக்குள் மட்டும் ஆட்கள் முளைத்தார்கள், சில நேரம் முதுகுக்குப் பின்னாலேயே. ஸ்டூடியோவும் அதை மறைக்கவில்லை. மெமரியும் வேகமும் போதாமல் வட்டத்தைச் சுருக்க வேண்டி வந்தது என்று சொன்னார்கள். அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் கட்டும் மென்பொருளில் 60 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஒரே தொடர்ச்சியான வரைபடம், லோடிங் இல்லாமல். பழையது துண்டு துண்டான வரைபடம், அதனால் கணக்கு இலகு. இது தொழிலில் எல்லாருக்கும் வருகிற நெருக்கடிதான், ஆனால் ஸ்டோக்கருக்கு வரக் கூடாத இடத்தில் வந்துவிட்டது.

உவர்மலை87

அக்கா சொன்னது அத்தனையும் சரி. 1.1இலிருந்து அதைத் திருத்தத் தொடங்கினார்கள், பிறகு வந்தவற்றிலும் அந்த வட்டம் பெருத்துக்கொண்டு வருகிறது. இப்போது விளையாடினால் தூரத்தில் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டு, போய்ப் பார்த்தால் உண்மையாகவே இரண்டு கூட்டம் நிற்கிறது. பழைய கேமின் அளவுக்கு இன்னும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நானாவுக்குப் பதில். ஹாஃப்-லைஃப் 2 சரி. நீங்கள் டியூக் நியூகெம் ஃபொரெவரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 1997இல் அறிவித்து 2011 ஜூனில் வந்தது, பதினான்கு வருஷம். அது ஓடியது, வெடித்துச் சிதறவில்லை, ஆனால் வந்தபோது டியூக் அதற்குள் இல்லை. 1996இல் வந்த முந்தின கேமில் ஒரு பை நிறையத் துப்பாக்கி சுமந்த ஆளுக்கு இரண்டே இரண்டு ஆயுதம் கொடுத்தார்கள், ஒளிந்து நின்றால் உயிர் தானாக நிரம்பியது. அந்தக் காலத்து மற்ற எஃப்பிஎஸ் (துப்பாக்கிச் சண்டைக் கேம்) எல்லாம் அப்படி இருந்தது, அதனால் இதையும் அப்படியே வெட்டித் தைத்துவிட்டார்கள். பிந்தி வருகிற இரண்டாம் பாகத்துக்கு எனக்குத் தெரிந்த உண்மையான ஆபத்து அதுதான்: இடையில் ஓடிய வருஷங்களைப் பார்த்துப் பயந்து, தன் குணத்தை மாற்றிக்கொள்வது. பிழையைப் பட்சில் திருத்தலாம். குணம் போனால் எந்தப் பட்சாலும் கொண்டுவர முடியாது.

ஸ்டோக்கர் 2 பயப்படவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கொலைப் பொறிகளைக் கண்டுபிடிக்க இன்னும் கையில் இரும்புப் போல்ட்தான். வழியில் காற்று ஒரு மாதிரி நெளிந்தால் நின்று, ஒரு போல்ட்டை எறிந்து, அது சுழன்று தெறிக்கிறதா, சும்மா விழுகிறதா என்று பார்த்து, விழுந்த இடத்தில் காலை வைத்து, அடுத்ததை எறிய வேண்டும். 2024இல் இவ்வளவு காசு செலவழித்துச் செய்த கேமில் ஆளை இப்படி அடி அடியாக நடக்க வைக்க நெஞ்சுரம் வேண்டும். துப்பாக்கி பழுதாகும், இறுகும், திருத்தக் காசு பிடுங்குவான். பாரம் கூடினால் ஓட முடியாது. எமிஷன் என்கிற கொலைகாரப் புயல் வந்தால் வானம் சிவக்கும், கூரைக்கு அடியில் ஓடாதவன் செத்தான்.

தொடக்கப் பகுதியிலேயே ஒரு பொப்பிப் பூ வயல் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கதைப்பதைக் காணோம். கேமிலேயே ஆக வடிவான இடம் அதுதான், கண்ணுக்கு எட்டின மட்டும் சிவப்பு. சேறு, துரு, சாம்பல் நிற வானம் என்று நடந்து வந்த கண்ணுக்கு அது விருந்து. உள்ளே இறங்கிக் கொஞ்சத் தூரம் போனால் திரையின் ஓரம் இருளும், பிறகு கண் மூடித் திறக்கிற மாதிரி முழுத் திரையும் இருண்டு வெளிக்கும். நடை தளரும். அப்போதுதான் பூக்களுக்கு நடுவில் ஆட்கள் கிடப்பது தெரியும். சத்தம் இல்லை, மிருகம் இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. எனர்ஜி ட்ரிங்க் இருந்தால் குடித்துக்கொண்டு வெளியே ஓடலாம், இல்லாவிட்டால் அங்கேயே நித்திரை. 2007 கேமை உண்டாக்கிய அதே மனம்தான் இதையும் உண்டாக்கியிருக்கிறது என்று நான் நம்பியது அந்த வயலில்தான்.

கிண்ணியா_நானா

பூ வயல் எனக்கும் பிடித்தது, அதை மறுக்கவில்லை. டியூக் உதாரணமும் நல்ல உதாரணம். ஆனாலும் "குணம் இருக்கிறது, மன்னித்துவிடு" என்றால் நாளைக்கு எல்லாரும் பாதியில் விற்பார்கள். போர் நடந்த நாடு என்று இரக்கம் காட்டுங்கள் என்று கனபேர் எழுதினார்கள். இரக்கம் காட்டுகிறேன். விமர்சனத்தையும் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே கையில் பிடிக்கலாம்.

கடற்கரைவீதி

நானா, அதில் ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். படையெடுப்புக்கு முன்னமே ஸ்டூடியோ பஸ் பிடித்து, ஊழியர்களையும் குடும்பங்களையும் கியேவிலிருந்து மேற்கு எல்லையில் இருக்கும் உஷ்ஹொரோத் நகருக்கு அனுப்பியது. பிறகு ஒரு பகுதியினர் செக் குடியரசுக்குப் போய் பிராகாவில் அலுவலகம் போட்டார்கள். மற்றவர்கள் அங்கேயே நின்றார்கள், சிலர் படையில் சேர்ந்தார்கள். கிளியர் ஸ்கையில் வேலை செய்த வொலோதிமிர் யெஷோவ் 2022 டிசம்பரில் பாக்முட் பக்கம் சண்டையில் இறந்தார். இதெல்லாம் அவர்களைப் பற்றி 2024 ஒக்டோபரில் வந்த ஆவணப்படத்திலும் செய்திகளிலும் இருக்கிறது.

அதே 2022இல் இங்கே எங்கள் நிலைமை என்ன? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவள், லப்டொப் சார்ஜ் இறங்க இறங்க ஒரு சின்ன வேலையை முடிக்கவே எனக்குத் தலை வெடித்தது. அதை விடப் பல மடங்கு நெருக்கடிக்குள் இருந்து, ஒருவர் ஒரு நாட்டிலும் மற்றவர் இன்னொரு நாட்டிலுமாக, இவ்வளவு பெரிய உலகத்தை ஒட்டி எழுப்பியிருக்கிறார்கள் என்பதைத் தொழில் தெரிந்தவளாகப் பார்க்கிறேன். இரக்கம் என்று நான் இதைச் சொல்லவில்லை, மதிப்பு என்று சொல்கிறேன்.

கொட்டியாரம்

இந்த இழையை நேற்றிலிருந்து வாசிக்கிறேன். எழுதுவதா விடுவதா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன், யாரும் பிழையாக எடுக்க வேண்டாம்.

நான் சம்பூர். 2006இல் ஊரை விட்டு வெளிக்கிட்டோம், மட்டக்களப்புப் பக்கம் போய், பிறகு கிளிவெட்டி முகாமில் வருஷக்கணக்கில் இருந்தோம். திரும்ப ஊருக்குள் விடத் தொடங்கியது 2015க்குப் பிறகுதான். என் மருமகன் இந்தக் கேமை விளையாடும்போது பின்னால் நின்று பார்த்தேன். அவன் ஒரு கைவிட்ட கிராமத்துக்குள் போனான். ஒரு வீட்டுக்குள் கட்டில், அலுமாரி, மேசையில் ஏதோ சாமான். கூரை ஒரு பக்கம் இறங்கி, உள்ளே மரம் எழும்பியிருந்தது. நான் வெளியே போய்விட்டேன்.

எங்கள் வளவுக்கு முதன்முதல் போனபோது வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை, கதவு நிலையும் இல்லை, ஜன்னல் கம்பியைக் கூடச் சுவரை இடித்து எடுத்துப் போயிருந்தார்கள். குசினி இருந்த இடத்தில் ஒரு இலந்தை மரம். கிணற்றைக் கண்டுபிடிக்கப் பற்றையை வெட்ட வேண்டியிருந்தது. மிதிவெடி எடுக்கிறவர்கள் நட்ட சிவப்புத் தடிக்கு அங்காலே போக வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். தம்பி அந்தப் போல்ட் எறிந்து எறிந்து கால் வைப்பதை எழுதியிருக்கிறீர். எங்களுக்கு அந்த நடை தெரியும்.

செர்னோபில் அணு உலைக்குப் பக்கத்தில் இருந்த பிரிப்யாட் நகரச் சனத்தையும் 1986 ஏப்ரல் 27ஆம் திகதி சில நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் பஸ்ஸில் ஏற்றினார்களாம், பத்திரங்களையும் அவசியமான சாமான்களையும் கொஞ்சச் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். மருமகன் சொன்னான். நாங்களும் இரண்டு மூன்று நாள் என்றுதான் நினைத்து வெளிக்கிட்டோம். எனக்கு ஒரே கேள்விதான். அப்படி ஒரு இடத்தில் விளையாட உங்களுக்கு மனம் வருகிறதா? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நிலாவெளி_நெட்

இதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. ஆனால் எழுதியதற்கு நன்றி.

கிண்ணியா_நானா

அண்ணன், நாங்கள் 2006இல் மூதூர்ச் சனம் கால்நடையாகக் கந்தளாய்ப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள். உங்கள் கேள்வி எனக்கு விளங்குகிறது. என் பதில், எல்லா யுத்தக் கேமும் ஒன்றில்லை. ஓடி ஓடிச் சுட்டுத் தள்ளி, பதக்கம் கொடுக்கிற கேம்களை நான் வீட்டில் பிள்ளைகளுக்கு விடுவதில்லை. ஸ்டோக்கரில் பதக்கம் இல்லை. சுட்டவன் பையில் ஒரு பாண் துண்டும் பழுதான துப்பாக்கியும்தான் இருக்கும். அதற்காகச் செத்தானா என்று நினைத்துக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போவேன்.

உவர்மலை87

ஐயா, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான், இழையைத் திறந்தவன்.

எனக்கு மனம் வருகிறது. காரணம், அந்தக் கேமைச் செய்தவர்கள் அந்த நிலத்தின் ஆட்கள். தூரத்தில் இருக்கிற ஒரு ஸ்டூடியோ பாழடைந்த வீட்டை அலங்காரமாக வைத்தால் எனக்கும் உங்கள் மாதிரித்தான் இருக்கும், எழும்பிப் போய்விடுவேன். இவர்கள் தங்கள் நாட்டில் வெறுமையாகிப் போன ஊரை எடுத்து, அதற்குள் ஆளை மெதுவாக நடக்க வைத்திருக்கிறார்கள். நிமிஷக்கணக்கில் ஒருவரையும் காணாமல் நடக்கலாம். மழை வரும், தூரத்தில் நாய் குரைக்கும், ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கி நிற்பீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் பார்க்கிறது எல்லாம் இங்கே யாரோ இருந்தார்கள் என்பதுதான். கதையின் நாயகன் ஸ்கிஃப் உள்ளே போகிற காரணமே தன் வீடு அழிந்துபோனதுதான், இது தொடக்கத்திலேயே தெரிகிற விஷயம் என்றபடியால் சொல்கிறேன்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைச் சின்னனிலிருந்தே பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ்காரன் கட்டிய 99 தாங்கி, காட்டுக்குள் துருப்பிடித்து, சிலவற்றைச் சுற்றி மரம் மூடி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் குண்டு போட்டபோது ஒரு விமானம் வந்து விழுந்து எரிந்த தாங்கியும் அங்கேதான் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது பழைய இரும்பு. 2007இல் அந்தக் கேமை விளையாடிய பிறகுதான் நான் அதை நின்று பார்க்கப் பழகினேன். கேம் எனக்குக் கொடுத்தது அந்தப் பார்வை.

ஆனால் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போவதும் சரிதான் ஐயா. அந்த வீட்டில் இருந்தவர் நீங்கள். உங்களுக்கு அது காட்சி இல்லை.

கொட்டியாரம்

சரி தம்பி, விளங்குகிறது. மருமகன் விளையாடட்டும். சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்கிறேன். செய்தவர்களும் இடம்பெயர்ந்த ஆட்கள் என்று பிள்ளை எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், அவனுக்கும் அது தெரியாது.

கடற்கரைவீதி

ஐயா, அவரை உக்ரேனியக் குரலில் போட்டு விளையாடச் சொல்லுங்கள், கீழே ஆங்கில எழுத்து ஓடும். ஆங்கிலக் குரலில் போட்டால் ஆட்கள் அந்த ஊர்க்காரர் மாதிரி இல்லை, பாதி உணர்வு போய்விடும்.

நிலாவெளி_நெட்

நான் வாங்கத் தீர்மானித்துவிட்டேன். கடைசிக் கேள்வி, பழையதை விளையாடாமல் நேராக இதற்குள் போகலாமா? கஷ்டம் எந்த அளவில் வைக்க?

உவர்மலை87

போகலாம், ஆனால் போகாதே. முதலில் 2007 கேமை விளையாடு. பழைய மூன்றுக்கும் 2025 மேயில் புதுப்பித்த பதிப்பு வந்திருக்கிறது, ஸ்டீமில் பழையதை வைத்திருப்பவர்களுக்கு அது இலவசம். உன் கார்டுக்கு அது பஞ்சு. சிடொரோவிச் யார், ஸ்ட்ரெலோக் யார் என்று தெரியாமல் இரண்டாம் பாகத்துக்குள் போனால் வாயைப் பிளக்க வேண்டிய இடங்களில் சும்மா தாண்டிப் போவாய். அது முடிவதற்குள் ஸ்டோக்கர் 2க்கு இன்னும் இரண்டு பட்ச் வந்துவிடும், நானாவின் முறைப்பாடும் குறையும்.

கஷ்டத்தை நடுவில் வை. தொடக்கத்தில் காசைத் துப்பாக்கிக்குச் செலவழிக்காதே, திருத்துவதற்கு வைத்திரு. சிவப்பாகக் காட்டுகிற பழுதான துப்பாக்கிகளைத் தூக்காதே, வியாபாரி வாங்க மாட்டான், பாரம்தான் மிச்சம். இரத்தம் குடிக்கிற ஒரு உருவம் வரும், அது கண்ணுக்குத் தெரியாமல் மறையும்போது திறந்தவெளியில் நிற்காமல் ஒரு சுவரில் முதுகைக் கொடுத்து ஷொட்கன்னால் அடி.

கிண்ணியா_நானா

முறைப்பாடு குறையும், போகாது. நிலாவெளித் தம்பி, எஸ்எஸ்டி இல்லை என்றால் என்னிடம் 500 ஜிபி ஒன்று சும்மா கிடக்கிறது. கேமும் அதில் இறக்கி வைத்திருக்கிறேன், உமது கணக்கில் வாங்கிவிட்டால் அந்தக் கோப்புகளையே கொப்பி பண்ணலாம், டேட்டா மிச்சம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு டவுனுக்கு வருவேன், தனிச் செய்தியில் எழுதும்.